அம்மாவின் மரத்தூள் அடுப்பும் எங்கள் பெலெட் அடுப்பும்



2022ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்து அரை ஆண்டு கடந்திருந்தது. ஜேர்மனிக்குக் குழாய் வழியே வந்துகொண்டிருந்த ரஷ்ய எரிவாயு நின்றுபோனது. அரச அலுவலகங்களை 19 பாகைக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று செப்டெம்பர் முதலாம் திகதி தொடக்கம் ஒரு விதி வந்தது. நீச்சல் தடாகங்களில் தண்ணீரின் சூட்டைக் குறைத்தார்கள். எங்கள் வீடும் எரிவாயுவில்தான் சூடாகிறது. குளிர்காலத்தை எப்படிச் சமாளிப்பது என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது நான் சொன்னேன்: "வரவேற்பறைக்கு ஒரு பெலெட் அடுப்பு வாங்குவம்."

"அது என்னத்திலை எரியும்?" என்று அம்மா கேட்டார்.

"மரத்திலை."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விறகடுப்பை ஊதி ஊதிக் கண் எரிஞ்சு வளந்தனாங்கள் தம்பி. இவ்வளவு தூரம் வந்து, திரும்பவும் விறகோ?"

நான் பொறியியல் படித்தவன். கணினித் துறையில் வேலை செய்கிறேன். வேலையிடத்தில் யாராவது கேள்வி கேட்டால் உடனே ஒரு வரைபடம் போட்டுக் காட்டுவேன். அன்றைக்கு என்னிடம் எந்த வரைபடமும் இருக்கவில்லை. மனிதர்கள் ஏன் விறகை விட்டார்கள்? விட்டவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்? இதைத் தேடிப் படித்தபோது, ஓர் அடுப்புக்குள் இவ்வளவு வரலாறு இருக்கிறதா என்று வியந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புகை வெளியே போன கதை

பழைய காலத்து ஐரோப்பிய வீடுகளில் புகைபோக்கி இருக்கவில்லை. வீட்டின் நடுவில் நெருப்பு எரியும். புகை மேலே எழுந்து, கூரையின் இடுக்குகள் வழியாகத் தானாக வெளியேறும். வட ஜேர்மனியின் பண்ணை வீடுகள் சிலவற்றில் இந்த முறை 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. அந்தப் புகையில்தான் இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டு வாட்டினார்கள். அந்த வீடுகளில் சமைத்த பெண்களின் கண்களும் எங்கள் அம்மம்மாவின் கண்களைப் போலத்தான் எரிந்திருக்கும்.

பிறகு சுவரோடு சேர்ந்த கணப்பும் புகைபோக்கியும் வந்தன. புகைத் தொல்லை குறைந்தது. ஆனால் வேறொரு சிக்கல் வந்தது. திறந்த கணப்பில் எரியும் விறகின் சூட்டில் பெரும்பகுதி புகையோடு சேர்ந்து மேலே போய்விடும். முன்னால் இருப்பவருக்கு முகம் சுடும், முதுகு குளிரும்.

இதற்கு ஆல்ப்ஸ் மலையை அண்டிய நாடுகளில் கண்ட வழி, சுட்ட ஓடுகள் பதித்த மூடிய அடுப்பு. ஜேர்மன் மொழியில் இதைக் 'காக்கெல்ஓஃபென்' என்பார்கள். புகை உள்ளே வளைந்து வளைந்து போகும்போது அதன் சூட்டைக் கல்லும் ஓடும் வாங்கிக்கொள்ளும். நெருப்பு அணைந்த பிறகும் பல மணி நேரம் அறை சூடாக இருக்கும்.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்ளினும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டினார். மின்னலைப் பற்றி ஆராய்ந்த அதே பிராங்ளின்தான். அவர் இரும்பாலான ஓர் அடுப்பை வடிவமைத்து, 1744இல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். காப்புரிமை தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றார். மற்றவர்களின் கண்டுபிடிப்புகளால் நாம் பயன் பெறுவதுபோல, நம்முடையதும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த முதல் வடிவத்தில் புகை சரியாக இழுபடவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அதைத் திருத்தினார்கள். பெரிய விஞ்ஞானிகளின் முதல் வடிவமும் புகைந்திருக்கிறது என்பதை நீங்கள் நினைவில் வைத்திருக்கலாம்.

மரம் தீர்ந்துவிடுமோ?

இந்த அடுப்புகளுக்கெல்லாம் பின்னால் ஒரு பயம் இருந்தது: மரம் தீர்ந்துவிடும் என்ற பயம். அந்தக் காலத்தில் மரம் விறகு மட்டும் இல்லை. வீடு கட்ட மரம், கப்பல் கட்ட மரம், கண்ணாடி உருக்க மரம், உலோகம் உருக்க மரக்கரி என்று எல்லாவற்றுக்கும் மரம்தான்.

ஜேர்மனியின் கிழக்கே சாக்சனியில் பிரைபெர்க் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்கவும், தாதுவை உருக்கவும் காடு காடாக மரம் வெட்டினார்கள். அந்தச் சுரங்கங்களை நிர்வகித்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ். 1713இல் அவர் மரம் வளர்ப்பைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே என்பதுதான் அதன் சாரம். இன்று பாடசாலையில் நீங்கள் அடிக்கடி கேட்கிற 'நாஹ்ஹால்ட்டிக்கைட்' என்ற சொல்லின் வேர் அந்த நூலில் இருக்கிறது. தமிழில் இதை நிலைபேறு என்கிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. வரலாற்றாசிரியர் யோவாகிம் ராட்காவ், அந்த நாட்களில் பேசப்பட்ட மரத் தட்டுப்பாடு எல்லா இடத்திலும் உண்மையாக இருந்ததா என்று கேள்வி எழுப்பினார். அரசர்களும் சுரங்க முதலாளிகளும் காட்டைத் தங்கள் கையில் வைத்திருக்க, 'மரம் இல்லை' என்ற பேச்சு வசதியாக இருந்தது என்பது அவருடைய வாதம். காட்டில் விறகு பொறுக்கிய ஏழைகளுக்குத்தான் அதனால் இழப்பு. எரிபொருள் தட்டுப்பாடு என்று யாராவது சொன்னால், யாருக்குத் தட்டுப்பாடு என்றும் கேட்க வேண்டும் என்று நான் இதில் இருந்து படித்தேன்.

கரியும் எண்ணெயும்

மரத்தின் இடத்தை நிலக்கரி பிடித்தது. நாங்கள் வசிக்கிற ரூர் பகுதியே நிலக்கரியால் வளர்ந்த பகுதிதான். இங்கே பொட்ரொப் நகரில் இருந்த கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசெம்பர் 21ஆம் திகதி மூடப்பட்டது.

அப்பாவும் அம்மாவும் 1980களில் இங்கே வந்தபோது அவர்களுக்குக் கிடைத்த முதல் வீடு மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பழைய வீடு. அதில் கரி அடுப்புத்தான். அழுத்திச் செய்த பழுப்பு நிலக்கரிக் கட்டிகளை நிலவறையில் இருந்து வாளியில் தூக்கி வருவாராம் அப்பா. காலையில் எழும்பும்போது அடுப்பு அணைந்திருக்கும், யன்னலின் உட்பக்கத்தில் பனி பூத்திருக்கும். நான் பிறந்த பிறகுதான் மத்திய வெப்பமூட்டி உள்ள வீட்டுக்கு மாறினார்கள். திருகினால் சூடு வரும். அம்மா அதை ஒரு விடுதலையாகத்தான் நினைத்தார். அவருடைய கேள்விக்குள் அந்த மூன்று மாடிப் படிகளும் இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்தக் காலத்துக்குள் பெரும்பாலான ஜேர்மன் வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறியிருந்தன. ஆனால் 1973இல் ஓர் அதிர்ச்சி வந்தது. மத்திய கிழக்கில் போர் மூண்டு, அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை சுமார் 3 டொலரில் இருந்து 12 டொலர் அளவுக்குச் சில மாதங்களில் ஏறியது. மேற்கு ஜேர்மனியில் நவெம்பர் 25இல் தொடங்கி நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கார் ஓட்டத் தடை போட்டார்கள். வெறுமையான நெடுஞ்சாலையில் மக்கள் நடந்து போகும் படங்களை உங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள்.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் சிலர் மரஆலைகளின் பின்பக்கம் குவிந்து கிடந்த மரத்தூளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தூளுக்கு வந்த மதிப்பு

ஒரு மரக்குற்றியைப் பலகையாக அரிந்தால் தூளும் சீவலும் நிறைய மிஞ்சும். அதை அப்படியே அடுப்பில் போடுவது கடினம். சில நேரம் புகையும், சில நேரம் குப்பென்று பற்றும். இடமும் அடைக்கும்.

கோழித்தீவனம், மாட்டுத்தீவனம் செய்கிற ஆலைகளில் தவிட்டையும் மாவையும் சிறு குச்சிகளாக அழுத்தும் இயந்திரங்கள் ஏற்கெனவே இருந்தன. அதே முறையை மரத்தூளுக்குக் கொண்டுவந்தார்கள். காய்ந்த தூளைத் துளைகள் உள்ள தடித்த உருக்குத் தட்டின் மேல் கொட்டி, உருளைகளால் அழுத்துவார்கள். உராய்வில் சூடு ஏறும். அந்தச் சூட்டில் மரத்துக்குள் இருக்கிற லிக்னின் என்ற பொருள் இளகும். குளிர்ந்ததும் அதுவே பசைபோல் இறுகித் தூளைப் பிடித்துக்கொள்ளும். தனியாகப் பசை தேவையில்லை. இப்படி வருகிற சிறு உருளைதான் பெலெட்.

1970களில் அமெரிக்காவின் வடமேற்கில் இந்த முயற்சிகள் தொடங்கின. சுவீடனின் மோரா என்ற ஊரில் 1982இல் ஒரு ஆலை வந்தது. ஆனால் சில ஆண்டுகளில் எண்ணெய் மலிந்தது. அந்த ஆலையும் மூடப்பட்டது. எண்ணெய் விலை ஏறினால் மரத்தை நினைப்பதும், இறங்கினால் மறப்பதும் இந்த வரலாறு முழுவதும் நடக்கிறது. ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் பெலெட் 1990களின் பிற்பகுதியில்தான் வீடுகளுக்குப் பரவத் தொடங்கியது.

வீட்டு அறைக்குள் வைக்கக்கூடிய பெலெட் அடுப்பை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஜெரி விட்ஃபீல்ட். அவர் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் போயிங் விமான நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர். காற்றோட்டத்தைப் பற்றி நன்றாக அறிந்த ஒருவர் அடுப்பைச் செய்ததில் ஆச்சரியம் இல்லை. நல்ல அடுப்பு என்பது பாதி காற்றைப் பற்றிய கணக்குத்தான்.

அது வேலை செய்யும் முறை இதுதான். மேலே ஒரு தொட்டியில் பெலெட்டைக் கொட்டுவோம். அடியில் ஒரு திருகு மெதுவாகச் சுற்றி, சிறிது சிறிதாகப் பெலெட்டை எரிகிண்ணத்துக்குள் தள்ளும். சூடான ஒரு கம்பி முதலில் பற்றவைக்கும். ஒரு விசிறி எரிவதற்கான காற்றை இழுத்துப் புகையை வெளியே தள்ளும். அறையின் சூட்டை அளந்து, திருகு எவ்வளவு சுற்ற வேண்டும், விசிறி எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு சிறு கணினி முடிவு செய்யும்.

கணக்குப் பார்க்க விருப்பமா? தரமான பெலெட்டின் விட்டம் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர். அதில் ஈரம் 10 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு கிலோவில் சுமார் 4.8 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு லீற்றர் எண்ணெயில் சுமார் 10. ஆகவே 2 கிலோ பெலெட், 1 லீற்றர் எண்ணெய்க்குச் சமம். எங்கள் அடுப்பின் முழு வலு 6 கிலோவாட். சூட்டில் பத்தில் ஒரு பங்கு புகையோடு போகிறது என்று வைத்தால், மணிக்கு ஏறத்தாழ 1.4 கிலோ எரியும். 15 கிலோ பை ஒன்று பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். தணித்து எரித்தால் ஒரு நாள் முழுவதும் தாக்குப்பிடிக்கும்.

நான் விட்ட பிழை

இவ்வளவும் படித்த நான், வாங்கும்போது ஒரு பிழை விட்டேன். 2023 வசந்தகாலத்தில் இணையத்தில் ஒரு மலிவான அடுப்பைக் கண்டேன். விற்றவர்கள் வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உடனே பணம் கட்டிவிட்டேன். அடுப்பு வந்து இறங்கிய பிறகுதான் எங்கள் பகுதியின் புகைபோக்கிப் பரிசோதகரை அழைத்தேன்.

ஜேர்மனியில் இவர்களை 'ஷோர்ன்ஷ்டைன்ஃபேகர்' என்பார்கள். கறுப்பு உடையும் தொப்பியுமாகப் புத்தாண்டு வாழ்த்து அட்டைகளில் அதிர்ஷ்டச் சின்னமாக வருவாரே, அவர்தான். பழைய நகரங்களில் புகைபோக்கியில் தீப்பிடித்தால் தெருவே எரிந்துபோகும். அதனால் அவர் வந்து போன வீட்டுக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை வந்தது. 2012ஆம் ஆண்டின் முடிவு வரை, உங்கள் பகுதிக்கென நியமிக்கப்பட்டவரைத் தவிர வேறு யாரையும் அழைக்க முடியாது. இப்போது துப்புரவு வேலைக்கு விரும்பியவரை அழைக்கலாம். ஆனால் புதிய அடுப்பைப் பற்றவைக்க அனுமதி தருவது இன்றும் பகுதிப் பொறுப்பாளர்தான்.

அவர் வந்தார். அடுப்பைப் பார்க்கவில்லை. நேரே குசினிக்குப் போய், சமையல் அடுப்புக்கு மேலே இருந்த புகை உறிஞ்சியைக் காட்டி, "இது காற்றை வெளியே தள்ளுகிறதா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "எவ்வளவு நேரம் ஓடும்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அது காலையில் தாளிப்போடு தொடங்கி, இரவில் மீன் பொரித்து முடியும் வரை ஓடும்.

அவர் விளக்கினார். உறிஞ்சி வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே தள்ளும்போது உள்ளே அழுத்தம் குறையும். யன்னல்கள் இறுக்கமாக மூடியிருந்தால், வீடு காற்றை வேறு வழியில் தேடும். நான் வாங்கிய அடுப்பு அறைக்குள் இருக்கிற காற்றை எடுத்து எரிகிற வகை. அப்போது அடுப்பின் புகை புகைபோக்கி வழியே போகாமல் அறைக்குள் திரும்பி வரலாம். அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழும்பாமலே போய்விடுவார்கள்.

"இந்த அடுப்புக்கு இந்த வீட்டில் அனுமதி தரமாட்டேன்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

அடுப்பைத் திருப்பி அனுப்பினேன். போக்குவரத்துச் செலவு என் தலையில் விழுந்தது. இரண்டாவது முறை அவரிடமே முதலில் கேட்டு, வெளிக்காற்றைத் தனிக் குழாயால் எடுக்கிற, அறைக் காற்றைத் தொடாத வகையை வாங்கினேன். அனுபவம் உள்ள ஒரு கைவினைஞர் வந்து, 80 மில்லிமீற்றர் புகைக்குழாயைப் பழைய புகைபோக்கியோடு இணைத்தார். பரிசோதகர் மறுபடி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கார்பன் மொனொக்சைட் எச்சரிப்பான் ஒன்றையும் சுவரில் பூட்டினேன். உங்கள் வீட்டில் எந்த வகையான நெருப்பு எரிந்தாலும், அது ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே அப்பா அம்மாவிடம் கேளுங்கள்.

அம்மா சொன்ன வரலாறு

செப்டெம்பரில் முதல் முறை பற்றவைத்தோம். அம்மா பெலெட் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். ஒன்றை முறித்துப் பார்த்தார். மணந்து பார்த்தார்.

"இது மரத்தூளெல்லே?"

ஓம் என்றேன்.

"அப்ப முதலே அப்பிடிச் சொல்லியிருக்கலாமே. நாங்களும் மரத்தூளிலைதான் சமைச்சனாங்கள்."

எனக்கு இது தெரியாது. ஊரில் விறகுத் தட்டுப்பாடு வந்தால், மரக்காலையில் இருந்து ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி வருவார்களாம். பழைய தகரம் ஒன்றின் அடிப்பக்கத்தில் ஒரு துளை போடுவார்கள். தகரத்தின் நடுவில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்து, அடித் துளைக்குள் ஒரு தடியைச் செருகி, சுற்றிவரத் தூளைப் போட்டு இறுக்கி இறுக்கி அடைவார்கள். பிறகு போத்தலையும் தடியையும் மெதுவாக உருவி எடுப்பார்கள். நடுவில் ஒரு குழாய்போலத் துளை இருக்கும். கீழே பன்னாடையைப் பற்றவைத்தால், உட்சுவர் மெல்ல மெல்லக் கனன்று எரியும். ஒரு தகரம் மரத்தூளில் ஒரு நேரச் சமையல் முடிந்துவிடும்.

"போத்தலை உருவேக்கை கை நடுங்கினா அவ்வளவுதான். எல்லாம் இடிஞ்சு விழுந்திடும். அம்மம்மா என்னைத்தான் உருவச் சொல்லுவா" என்றார் அம்மா.

நான் யோசித்துப் பார்த்தேன். தூளை இறுக்கு. காற்றுக்கு வழி விடு. மெதுவாக எரிய வை. விட்ஃபீல்ட் விசிறியாலும் திருகாலும் செய்ததை, எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு தகரத்தாலும் போத்தலாலும் செய்திருக்கிறார்கள். புகையை மட்டும்தான் அவர்களால் வெளியே அனுப்ப முடியவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் எரியும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 30 இலட்சம் பேர் இறக்கிறார்கள். அம்மாவின் கண் எரிச்சல் அந்தக் கதையின் ஒரு துளி.

அன்றிரவு கொஞ்ச நேரம் மின்சாரம் போனது. அடுப்பு நின்றுவிட்டது. "கறண்ட் இல்லாட்டி எரியாத அடுப்போ?" என்று அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மா கேட்டது சரிதானா?

பாதி சரி என்பதுதான் என் பதில். ஜேர்மனியில் புதிய பெலெட் அடுப்பின் புகையில் ஒரு கன மீற்றருக்கு 0.03 கிராமுக்கு மேல் தூசு இருக்கக்கூடாது. விறகுக் கட்டை எரிக்கும் சாதாரண அடுப்புக்கு 0.04 கிராம். எங்கள் அறைக்குள் புகை வருவதில்லை. ஆனால் வெளியே போகிற நுண்துகள் பூச்சியம் இல்லை. அது பக்கத்து வீட்டுக்காரரின் காற்று. ஜேர்மனியின் சுற்றுச்சூழல் முகமை, மரத்தை எரிப்பதை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது.

காட்டைப் பற்றிய கேள்வியும் இருக்கிறது. எரிந்த மரத்தின் கரியமிலவாயுவைப் புதிய மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பார்கள். எரிய நிமிடங்கள் போதும். வளரப் பல பத்து ஆண்டுகள் வேண்டும். ஜேர்மனியில் பெலெட் பெரும்பாலும் மரஆலை மிச்சத்தில் இருந்து வருகிறது. ஆனால் இங்கிலாந்தின் ட்ரக்ஸ் மின்நிலையம் போன்ற பெரிய இடங்களுக்கு அமெரிக்காவில் இருந்து கப்பல் கப்பலாகப் பெலெட் போகிறது. அதற்காக முழு மரங்களும் வெட்டப்படுகின்றன என்று பெரிய வாதம் நடக்கிறது. வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே என்று 1713இல் எழுதியதை இன்றும் யாராவது திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விலையும் பாதுகாப்பானது இல்லை. 2022இல் எரிவாயுவுக்குப் பயந்து எல்லோரும் பெலெட்டை நோக்கி ஓடியதில், அதன் விலை முந்திய ஆண்டைவிடச் சுமார் மூன்று மடங்கு ஆனது. பிறகு இறங்கியது.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். நல்ல குளிர் நாட்களில் மட்டும் அடுப்பு எரியும். பையில் தரக்குறியைப் பார்த்து, மரஆலை மிச்சத்தில் செய்ததையே வாங்குவோம். எரிவாயுக் கொதிகலன் பழுதானால் அந்த இடத்துக்கு வெப்பப் பம்பி வரும். பெலெட் அடுப்பு எங்களுக்கு ஓர் உதவியாள் மட்டும்தான்.

ஒரு வேலை மட்டும் உங்களுக்கு. அம்மம்மா, அப்பப்பா, அம்மா, அப்பா யாராவது பக்கத்தில் இருந்தால், சின்ன வயதில் எந்த அடுப்பில் சமைத்தார்கள், எதை எரித்தார்கள், அதை யார் கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான் முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கேட்டேன். மரத்தூள் அடுப்பைச் செய்து காட்ட அம்மம்மா இப்போது இல்லை. போத்தலை எப்படி உருவுவது என்று அம்மாவிடம்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.